புகை பிடித்த வாழ்த்து அட்டைகள்

என் கடையின் பின்னறையில் காலை எட்டரைக்கெல்லாம் ஒரு சத்தம் தொடங்கிவிடும். கரகரவென்று ஒரு சுற்று, ஒரு ‘டக்’, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கொப்பி வாங்க வருகிறவர்கள், “உள்ளுக்கு என்ன மொதலாளி, மாவு அரைக்கிறீங்களா?” என்று கேட்பார்கள். “பெற்றீசியா வாழ்த்து அட்டை வெட்டுறாங்க” என்பேன். அதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. ஹட்டன் பஜாரில் முப்பத்திரண்டு வருடம் கொப்பியும் பேனாவும் கடித உறையும் விற்றவனுக்குப் பொறுமை மிச்சம் இருந்தால்தான் அதிசயம். ஆனால் பெற்றீசியாவைப் பற்றி மட்டும் முழுதாகச் சொல்லித் தீர்க்க வேண்டும் என்று ஐந்து மாதமாக மனம் அரிக்கிறது. வாயால் சொல்ல வராது. அதனால் அட்டை கிழிந்து விற்காமல் கிடந்த ஒரு கொப்பியில் எழுதுகிறேன்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். கணவர் சூசைரட்ணம் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் நின்றார். ஏழு வருடத்துக்கு முன் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் வினோதா. தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறையும் அதோடு ஒட்டிய அடுப்படியும். குடும்பம் முழுக்க அவ்வளவுதான்.

முதன்முதலில் என் கடைக்கு வந்தது ஐந்து வருடத்துக்கு முன். தோளில் ஒரு துணிப்பை, தலையில் மழைக்குப் போட்ட பொலித்தீன். “மொதலாளி, எரநூத்தி இருவது கிராம் வெள்ளை அட்டை இருக்குங்களா?” என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். இந்த ஊரில் அட்டையைக் கிராம் சொல்லிக் கேட்டவர் அதுவரை ஒருவரும் இல்லை.

“பிள்ளைக்கு இஸ்கூல் வேலையாம்மா?”

“இல்லைங்க. எனக்குத்தான்.”

கதை மெதுவாக வந்தது. அவள் ஆறு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்திருக்கிறாள். அந்த வீட்டுப் பெண் பொழுதுபோக்காக வாழ்த்து அட்டை செய்யும். வெட்டும் இயந்திரம், பட்டாம்பூச்சி, மான், மரம் என்று ஓரம் கூரான அச்சுத் தகடுகள், ரப்பர் முத்திரைகள், துளை வெட்டிய தாள்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக இருந்தனவாம். குப்பையைப் பொறுக்கப் போனவள் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானதும் ஆசை விட்டுப்போனது. கணவர் செத்துப் பெற்றீசியா ஊருக்குத் திரும்பும்போது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது.

லயத்தில் ஆறு மாதம் இதைச் சொல்லித்தான் சிரித்தார்களாம். “குவைத்துக்குப் போனவ எல்லாம் சங்கிலி கொண்டாருவா. இவ இடியாப்ப ஒரல் கொண்டாந்திருக்கா!” இயந்திரம் பார்க்க அப்படித்தான் இருக்கும். இரண்டு உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. அட்டையின் மேல் அச்சுத் தகட்டை வைத்து, இரண்டு பிளாஸ்டிக் பலகைக்கு நடுவே சொருகிக் கைப்பிடியைச் சுற்றினால், மறுபக்கம் பட்டாம்பூச்சி தனியாக விழும்.

ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, மாலை நாலரை வரைக்கும் மலையில் கொழுந்து எடுத்து, வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு இதில் உட்காருவாள். தகடும் முத்திரையும் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. தமிழுக்கு என்ன செய்வது? அறுந்த ரப்பர் செருப்பின் அடியை நறுக்கி, சவர பிளேட்டால் ‘நல்வாழ்த்துக்கள்’ என்று தலைகீழாகச் செதுக்கி, பலகைத் துண்டில் ஒட்டிக்கொண்டாள். செருப்படியில் செய்த வாழ்த்து என்று நான் கேலி செய்தேன். “அச்சுல விழுந்த பொறகு யாருக்குத் தெரியப் போகுது மொதலாளி?” என்றாள். அவளுடைய அட்டைகளைக் கடையில் ஒரு கம்பியில் தொங்கவிட்டேன். பிறந்தநாளுக்கு, திருமணத்துக்கு, மாதா கோவிலில் பிள்ளைகளின் முதல் நன்மைக்கு என்று மாதம் பத்துப் பதினைந்து போகும். அதில் யாரும் வீடு கட்ட முடியாது.

போன வருடம் ஒகஸ்டில் ஒருநாள், மை தடவுவதற்கு அவள் வைத்திருந்த துளைத் தகட்டைப் பார்த்தேன். கறுப்பாக, வளைந்து, நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் எலும்பு தெரிந்தது.

“இது என்னம்மா?”

“எக்ஸ்ரே படங்க. என் தோளுதான். டொக்டர் பாத்து முடிச்சிட்டாரு, சும்மாதானே கெடக்குது. இதைப் போல கெட்டியான தகடு கடையில கெடைக்காது.”

“டொக்டர் என்ன சொன்னாரு?”

“இனிமே கூடை தூக்கக் கூடாதாம்.” இதைச் சொல்லிவிட்டு ஒரு தடவை சிரித்தாள். “மலையில வேலை வாங்குற கண்டக்கையாகிட்டப் போயி சொன்னேன். ‘தாராளமா வேலையை விட்டு நின்னுக்க. ஆனா வீட்டுக்கு ஒரு ஆளு பேரு செக்ரோல்ல, தோட்டத்து வேலை ஏட்டுல, இருக்கணும். மகளைப் பேர் பதியச் சொல்லு. இல்லாட்டி காம்பராவைக் குடு’ங்கிறாரு.”

வினோதா உயர்தரம் பாஸாகி, ஆசிரியராவதற்குக் கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, நேர்முகத்துக்குக் கடிதம் வரும் வரும் என்று காத்திருந்த பெண். அந்தக் கடிதம் வர ஒரு வருடமும் ஆகும், இரண்டும் ஆகும். அதுவரை மலைக்குப் போகட்டுமே என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். பெற்றீசியா கேட்கவில்லை. “ஒருக்காப் பேர் பதிஞ்சா அவ்வளவுதான் மொதலாளி. நானும் ஒரு வருசம்னுதான் பதிஞ்சேன். என் தோளு போனாலும் போகுது, அவ கூடை கட்டக் கூடாது.” அவளுடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். அட்டை வேலை நிரந்தரமாகக் கிடைத்தால் டவுனில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, காம்பராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் இறங்கிவிடுவது. அறை நான் பார்த்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதில் எனக்குக் குறைச்சல் இல்லை.

ஒக்டோபரில் அதற்கு வழியும் வந்தது. நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் பரிசுப் பொருள் பகுதியைப் பார்க்கும் அனோஜா என்ற பெண், பதிவேடு வாங்க என் கடைக்கு வந்தது. கம்பியில் தொங்கிய அட்டையை எடுத்தது, திருப்பியது, அப்படியே நின்றது. செருப்பு ரப்பரில் பெற்றீசியா செதுக்கிய இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் அதில் இருந்தன. கிறிஸ்மஸுக்கு ஒவ்வொரு அறையிலும் வைக்க இருநூற்று நாற்பது அட்டை வேண்டும், நன்றாக இருந்தால் ஜனவரியிலிருந்து மாதா மாதம் எடுக்கிறோம் என்றது. பெற்றீசியாவிடம் சொன்னபோது அவள் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நவம்பர் முழுக்க மழையும் பனிமூட்டமும். மலையில் நின்ற நாளெல்லாம் நனைந்துவிட்டு வந்து அட்டையில் குந்துவாள். அந்தக் குளிருக்கு முத்திரை மை இரண்டு நாளானாலும் காயாது. எழுத்து பொன்னாக மின்ன வேண்டுமென்றால், ஈர மையின் மேல் ஒரு தூளைத் தூவிச் சூடு காட்ட வேண்டும், அப்போதுதான் உருகிப் பிடிக்கும். குவைத்தில் அதற்கென்று சூட்டுக் காற்று ஊதும் கருவி இருந்ததாம். லயத்தில் இஸ்திரிப் பெட்டி போட்டாலே பியூஸ் போய்விடும். அதனால் அடுப்புத் தணலுக்கு மேலே ஒவ்வோர் அட்டையாகப் பிடித்தாள். மை காய்வதற்கு அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டாள். அடுப்பில் எரிவது மிலாறு, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கொப்பு. அது புகையாமல் எரிந்ததாக வரலாறு இல்லை.

டிசம்பர் ஐந்தாம் திகதி, வெள்ளிக்கிழமை பின்னேரம், இருநூற்று நாற்பதையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. கை அட்டையை எடுக்கும்போது தோளில் ஒரு சுளிப்புத் தெரிந்தது. பெட்டியைத் திறந்து ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

“பொக வாடை அடிக்குதான்னு பாருங்க மொதலாளி. வினோதாகிட்டக் கேட்டேன், பக்கத்துக் காம்பராவுலயும் கேட்டேன். இல்லைங்கிறாங்க. ஆனா எங்க மூக்கை நம்ப முடியாது. நாங்க அதுக்குள்ளயே கெடக்கிறோம்.”

நான் முகர்ந்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஐந்து நிமிடத்துக்கு முன்தான் கடை முழுக்கச் சாம்பிராணி போட்டு, தூபக்காலை மேசையில் என் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். எனக்கு என்ன தெரியும்? “ஒரு வாடையும் இல்ல. சும்மா பயப்படாம வீட்டுக்குப் போயி ஒரு நாளாவது நல்லாத் தூங்கும்மா” என்று சொன்னேன். பெரிய மனிதத் தோரணையோடு சொன்னேன். அவள் என்னைக் கும்பிட்டாள். நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒன்பதாம் திகதி பெட்டி திரும்பி வந்தது. பின்னாலேயே அனோஜாவின் போன்.

“மொதலாளி, ஏசி போட்ட ஒபிசில பெட்டியத் தொறந்தோம். ரூம் முழுக்க வந்துருச்சு. மெனேஜர் ‘என்ன எரியுது’ன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல.” பிறகு குரலைத் தாழ்த்தியது. “எனக்கு அது என்ன வாடைன்னு தெரியும். நான் உடப்புசல்லாவைல லயத்துப் பிள்ளை. சனிக்கிழமை சனிக்கிழமை என் வெள்ளைக் கவுனை ரெண்டு தரம் தோய்ப்பேன், அப்பவும் கிளாஸ்ல என் பக்கத்துல உக்கார மாட்டாளுக. அழகான அட்டை மொதலாளி. ஆனா நான் எப்படி அதை ரூம்ல வைப்பேன்? இருவதாம் திகதிக்குள்ள புதுசா தந்தா எடுக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது.”

பெற்றீசியா வந்து பெட்டியைப் பார்த்தாள். அழவில்லை. ஓர் அட்டையை எடுத்து முகர்ந்தாள், திரும்பவும் முகர்ந்தாள். “எனக்கு இப்பவும் ஒண்ணும் தெரியல மொதலாளி” என்றாள். அந்தக் குரலில் இருந்த களைப்பை நான் அதுவரை எந்த மனிதரிடமும் கேட்டதில்லை.

என் மனைவி அன்னம்மா நல்லவள். அவள்தான் வழி சொன்னாள். கடைப் பின்னறையில் வேலை செய்யட்டும். லயத்துக்குப் போய் வந்தால் சேலையிலேயே புகை ஏறிவிடும், அதனால் வேலை முடியும்வரை எங்கள் வீட்டு மாடி அறையில் படுத்துக்கொள்ளட்டும். மகன் கனடாவுக்குப் போனதிலிருந்து அந்த அறை பூட்டித்தான் கிடக்கிறது. “ஒரு பத்து நாள்தானே” என்றாள் அன்னம்மா. அந்த ‘தானே’யை நானும் கேட்டேன்.

பத்து நாள் வேலைக்குப் போகாமல் நின்றால் தோட்டத்தில் பெயரை வெட்டிவிடுவார்கள். பெற்றீசியா டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டை மகளிடம் கொடுத்து, கண்டக்கையாவிடம் லீவு கேட்கச் சொன்னாள். அன்று பின்னேரமே வினோதா போன் எடுத்தது. “குடுத்தேம்மா. சரின்னுட்டாரு. நீங்க வேலையப் பாருங்க.”

பார்த்தாள். என் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் சூட்டில் தூளை உருக்கினாள். வலது தோள் ஏறாதபோது இடது கையால் கைப்பிடியைச் சுற்றினாள். ஒவ்வொரு நாள் மாலையிலும் மகளோடு போனில் பேசுவாள். “என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?” “சளிம்மா.” “கடிதம் வந்துச்சா?” “இன்னும் இல்லம்மா.” இவ்வளவுதான் பேச்சு.

இதற்குள் நான் அறை தேடிப் போனேன். மூன்று இடத்தில் கேட்டேன். மூன்று பேரும் எனக்குத் தெரிந்தவர்கள், எங்கள் பஜார்க்காரர்கள். “யாருக்கு மொதலாளி?” என்பார்கள். சொன்னதும், “லயத்து ஆளுங்களா... பாப்போம்” என்பார்கள். அந்த ‘பாப்போம்’ எங்கள் பஜாரில் ‘இல்லை’ என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர். பெற்றீசியாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பத்தொன்பதாம் திகதி இருநூற்று நாற்பதும் போயிற்று. இந்த முறை ஒன்றை அன்னம்மா முகர்ந்தாள், எதிர்க்கடை டெயிலர் முகர்ந்தார், தபால்காரர் முகர்ந்தார். என்னை யாரும் முகரச் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி இருக்கும். அம்மாவைக் கூட்டிப்போக வினோதா வந்திருந்தது. கையைத் தாவணிக்குள் சுருட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றது. குளிருக்கு என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அனோஜாவின் போன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“மொதலாளி, ரொம்ப அழகா இருக்கு. மெனேஜரே ரெண்டு கேட்டாரு. ஜனவரில இருந்து மாசா மாசம் எடுக்கிறோம். எழுதிக் குடுக்கிறோம். செஞ்சவங்க இருக்காங்களா?”

பெற்றீசியா போனைக் கடவுள் படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு கிட்டப் போய், தேவைக்கு மேலே சத்தமாக, “மிஸ், நான்தான் மிஸ். ரொம்பச் சந்தோசம். எனக்கு ஒரு மக இருக்கு, டீச்சராகப் போகுது. அதை மலைக்கு அனுப்பக் கூடாதுன்னுதான் மிஸ் இதெல்லாம்” என்றாள்.

அந்தப் பக்கத்தில் அனோஜா, “எங்கம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க” என்றது.

பெற்றீசியா சிரித்துக்கொண்டே மகளை இழுத்துப் போனுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். இழுத்ததில் கை வெளியே வந்தது. அவள் சிரிப்பு அங்கேயே நின்றது. மகளின் கையைத் திருப்பி, விரல்களை விரித்தாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நகத்தோரம் வரை கறுத்து வெடித்திருந்தன. கொழுந்து கிள்ளும் கையில் ஏறும் கறை அது. எத்தனை நாள் கிள்ளியது என்று பார்த்தே சொல்லிவிடலாம். பெற்றீசியாவுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

“எப்போ இருந்து?” என்றாள்.

“நீங்க இங்க வந்த மத்த நாளே.” வினோதா தரையைப் பார்த்தது. “கண்டக்கையா துண்டை வாங்கல. ஆள் வந்து நில்லு, இல்லாட்டி காம்பராவைக் காலி பண்ணுன்னாரு. பேர் பதிஞ்சிட்டேம்மா.”

லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று இந்தப் பெண் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

“வெட்டச் சொல்லு. நாளைக்கே பேரை வெட்டச் சொல்லு. நான் பெரட்டுக்குப் போறேன்.” என் பக்கம் திரும்பினாள். “மொதலாளி, அந்த மிஸ்ஸுகிட்ட முடியாதுன்னு சொல்லிருங்க.”

“அந்தத் தோளை வச்சிக்கிட்டாம்மா போறீங்க?” என்றது வினோதா.

“அப்ப டவுனுக்கு வந்துருவோம். மொதலாளி அறை பாத்துத் தர்றேன்னாரு.” பெற்றீசியா என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். “கெடைச்சிச்சுங்களா?”

முதல் தவறை நான் யாரிடமும் ஒப்புக்கொள்வேன். சாம்பிராணி, வெள்ளிக்கிழமை, என் கிழட்டு மூக்கு. சொல்லிச் சிரிக்கக்கூட முடியும். இரண்டாவதைத்தான் இந்தக் கொப்பியைத் தவிர வேறு எங்கும் சொன்னதில்லை. அந்த நிமிடத்தில் என் சட்டைப் பையில் மாடி அறைச் சாவி இருந்தது. காலையில் பெற்றீசியா படுக்கையை மடித்து வைத்துவிட்டு, கூட்டிப் பெருக்கி, அன்னம்மாவிடம் கொடுத்து, அவள் என்னிடம் தந்த சாவி. இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம், தனிப் படி, தனிக் குழாய். பத்து நாள் இருந்தவள் பத்து மாதம் இருந்தால் வீடு இடிந்துவிடாது. அன்னம்மாவை நான் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கலாம். பஜாரில் நாலு பேர் ஏதாவது சொல்வார்கள். என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அந்த நாலு பேரில் ஒருவனாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

“பாத்துக்கிட்டே இருக்கேம்மா” என்றேன். “பாப்போம்.”

பெற்றீசியாவும் இந்த ஊர்க்காரிதானே, அவளுக்குப் புரிந்துவிட்டது. மகளின் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போனில் அனோஜா, “ஹலோ? இருக்கீங்களா? ஜனவரில இருந்து சரிதானே?” என்று கேட்டது.

“சரி மிஸ்” என்றது வினோதா.